குதிக்காலில் ஒரு வலை

யாழ்ப்பாணத்தில் மேஸ் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்துக்குள் போடுகிற வெள்ளைக் காலுறை. பள்ளிக்கூடம் முடிந்ததோடு அந்த உறவும் முடிந்துவிடும். பிறகு செருப்பு, செருப்பில்லாத நேரம் வெறுங்கால். அதனால் எண்பத்தைந்தாம் ஆண்டு, இருபத்துமூன்று வயதில், டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் என்ற சின்ன நகரத்தில் ஒரு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, இடுப்பு வரைக்கும் ஏறுகிற நைலோன் மேஸ் ஒன்றைத் தூக்கிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நின்றுகொண்டு போட்டால் விழுந்துவிடுவேன். உட்கார்ந்துகொண்டு போட்டால் முழங்காலுக்கு மேலே வராது. கடைசியில் கட்டிலில் மல்லாக்கப் படுத்து, இரண்டு கால்களையும் மேலே தூக்கித்தான் முதல் நாள் அதைப் போட்டு முடித்தேன். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிய அயல்வீட்டுக்காரிக்கு நான் பதிலே சொல்லவில்லை.

வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. முழங்கால் வரைக்குமான நீலச் சட்டை தந்தார்கள். அதற்குக் கீழே கால் எங்களுடைய பொறுப்பு. பெப்ரவரி மாதக் காற்றில் சைக்கிளில் போகிறவளுக்கு மேஸ் இல்லாமல் சரிவராது. கடையில் நான் எடுத்த பெட்டியில் தோல் நிறம் என்று போட்டிருந்தது. யாருடைய தோல் என்று போடவில்லை. போட்டுக் கண்ணாடியில் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே வேறு யாரோ நிற்கிறாள், காய்ச்சலில் கிடந்து எழும்பிய ஒருத்தி. இரண்டு நாள் அந்த இரவல் கால்களோடு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது. தேயிலைத் தூளைக் கடும் சாயமாகக் கொதிக்க வைத்து, கொஞ்சம் வினாகிரி விட்டு, மேஸை அதற்குள் அமுக்கி வைத்தேன். மத்தியானம் எடுத்துப் பிழிந்தால், என்னுடைய நிறத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. வேலையிடத்தில் ஒரு டெனிஷ் பெண் இந்த நிறம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று கேட்டார். சிலோனில் என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டேன்.

நிறத்தை வென்றேன், கிழிசலை வெல்ல முடியவில்லை. மெல்லிய மேஸ் ஒரு நகம் பட்டால் போதும், மேலேயிருந்து கீழே கோடு இறங்கிவிடும். அதற்கு நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸைப் பூசி நிறுத்துவேன். வேலைக்குப் போடுகிற தடித்த மேஸ் கோடு போகாது, ஆனால் குதியில் ஓட்டை விழும். டெனிஷ்காரர் வீட்டுக்குள் சப்பாத்தோடு போகமாட்டார்கள், அந்த விஷயத்தில் அவர்கள் நம்மவர்கள்தான். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் குதிக்கால் சந்திக்கு வந்துவிடும். ஊரில் வெறுங்காலோடு திரிந்தபோது வராத வெட்கம், ஒரு ஐந்து சதக் காசு அளவு ஓட்டைக்குள்ளால் குதி தெரிகிறபோது வந்தது. என்ன நியாயமோ தெரியாது, வந்தது.

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தையல் பாடம் இருந்தது. கிழிந்த காலுறையை ஊசிநூலால் பொத்துவது எப்படி என்று ஒரு துண்டுத் துணியில் படித்துப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அந்தத் துணிச்சலில் நானே ஊசியை எடுத்தேன். நூலைக் குறுக்கும் நெடுக்கும் விட்டு இழுக்க, குதியில் ஒரு கட்டி திரண்டது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் வேலை செய்ததில் காலில் கொப்புளம். அன்று பின்னேரம் நான் கதிரையில் இருந்து காலைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் என் கணவர் மேஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னாரில் கடலோரத்து ஆள். பதினான்கு வயதிலிருந்து தகப்பனோடு வள்ளத்தில் போனவர். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமை ஆசிரியரின் மகள். ஊரில் இருந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதா கோயிலில் ஒரே பூசைக்குப் போயிருந்தாலும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டோம். இங்கே மொழிப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருத்திவிட்டார்கள். எனக்கு டெனிஷ் இலக்கணம் ஓடியது, உச்சரிப்பு ஓடவில்லை. இவருக்கு நேர்மாறு. நான் எழுத இவர் வாசிப்பார். என்னோடு வந்த அண்ணன் கனடாவுக்குப் போனபிறகு, ஒரு வருடம் முடிவதற்குள் பாதிரியார் முன்னால் நின்று கல்யாணம் செய்துகொண்டோம்.

சட்டைக்கு ஒரு தெறி தைக்கச் சொன்னால் மூன்று முறை விரலில் குத்திக்கொள்கிற மனுஷன் இவர். மேஸை என்னிடமிருந்து வாங்கியதும் முதலில் என்னுடைய கட்டியை வெட்டி எறிந்தார். ஒரு கண்ணாடிக் குவளையை உள்ளே விட்டு, ஓட்டையை அதன் வாய்க்கு நேரே இழுத்துப் பிடித்தார். நெருப்புக்குச்சி ஒன்றை மெல்லியதாகச் சீவி எடுத்தார். அந்தக் குச்சியை அளவாக வைத்து, ஊசியால் ஒரு கண், ஒரு முடிச்சு, அடுத்த கண், அடுத்த முடிச்சு. தடித்த விரல்கள், ஆனால் நூல் அவற்றுக்குப் பயந்து நடந்தது. அரை மணித்தியாலத்தில் குதியில் ஒரு வலை இருந்தது. கண் ஒவ்வொன்றும் எள்ளு அளவு.

“இழுத்துக் கட்டினால் பக்கத்திலை கிழியும்,” என்றார். “கால் அசையிற அளவுக்கு விடவேணும்.”

போட்டுப் பார்த்தேன். கால் அதை உணரவே இல்லை. மற்ற மேஸ் கிழிந்தது, அந்தக் குதி கிழியவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கிழிந்ததைக் கூடைக்குள் போட்டு வைப்பேன், ஞாயிறு பூசை முடிந்து வந்து இவர் பொத்துவார். பொத்துகிற நேரம் இவருக்கு வாய் தானாகத் திறக்கும். தன் ஊரில் பெரிய ஆட்கள்கூடக் கிழிந்த வலையைத் தன்னிடம் கொண்டுவந்து தருவார்கள் என்று சொல்வார். இறைச்சித் தொழிற்சாலைக் குளிரில் எட்டு மணித்தியாலம் நின்று, சொன்னதைச் செய்துவிட்டு வருகிறவர், அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் தன் தொழிலுக்குத் தானே முதலாளி. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே எனக்குச் சில ஓட்டைகள் விழட்டும் என்று இருக்கும். ஒன்றிரண்டு ஓட்டையை நானே விரலை விட்டுப் பெருப்பித்ததும் உண்டு.

இவ்வளவு பெருமைப்பட்ட நான்தான் தலைமை ஆசிரியரான என் ஐயாவுக்கு எழுதிய கடிதத்தில், மாப்பிள்ளையின் தகப்பன் மன்னாரில் வியாபாரம் என்று எழுதியிருந்தேன். பிடித்த மீனை விற்றால் அதுவும் வியாபாரம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐயா ஆரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர். ஆனால் ஆர் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், ஆர் வீட்டில் குடிக்கக்கூடாது என்பதையும் ஒரு சொல் பேசாமலே எங்களுக்குப் பழக்கிவிட்டவர். கல்யாணம் முடிந்த செய்தியே அவருக்குப் பெரிய அடி. இதையும் சேர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை. இவருக்கும் அதைச் சொல்லவில்லை.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அந்த நேரம் டென்மார்க்கிலேயே ஓல்போர்க் நகரத்தில் மகனோடு இருந்தார். எண்பத்தாறு கடைசியில், ஒரு சனிக்கிழமை எங்களைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பார்க்க என்றால் மாப்பிள்ளை பார்க்கத்தான். கல்யாணம் முடிந்து ஏழு மாதத்துக்குப் பிறகு நடந்த பெண் வீட்டார் விசாரணை அது. சின்னம்மா பார்த்து எழுதுவதைத்தான் ஐயா நம்புவார் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைகளில் சதுக்கத்துக்கு மீன் வண்டி வரும். அந்த வண்டிக்காரனுக்கு இவரைக் கண்டால் மரியாதை, ஏனென்றால் இவர் செவுளைத் தூக்கிப் பார்த்த மீனைப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. வழக்கம்போல இவர் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். இன்றைக்கு மீன் வேண்டாம், கோழி வாங்குங்கோ என்றேன். ஏன் என்று கேட்டார். சின்னம்மாவுக்குக் கோழிதான் விருப்பம் என்றேன். சின்னம்மாவுக்கு என்ன விருப்பம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. போய்க் கோழியோடு வந்தார்.

நான் சேலை உடுத்தேன். புது மெல்லிய மேஸ் போடும்போதே கோடு போய்விட்டது, பதற்றத்தில் நகம் பட்டிருக்க வேண்டும். தேயிலையில் ஊறிய, இவர் குதியைப் பொத்திய பழையதைப் போட்டுக்கொண்டேன். சேலைக்குக் கீழே குதியை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

சின்னம்மா வந்தார், சாப்பிட்டார், கறியை மெச்சினார். கைகழுவிவிட்டுச் சோபாவில் இருந்துகொண்டு, “தம்பியின்ரை ஐயா வியாபாரம் எண்டு அத்தான் எழுதியிருந்தவர்,” என்று இவரிடம் சொன்னார். அத்தான் என்றது என் ஐயாவை.

இவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு ஓம் என்றார், தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார். அந்த ஓம் எனக்காகச் சொன்ன பொய். இவர் வாயால் நான் கேட்ட முதல் பொய்.

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. நல்ல கோப்பை எடுக்கிறேன் என்று சொல்லி, சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு ஏறி, அலுமாரியின் மேல்தட்டில் கையை விட்டேன். சேலை உயர்ந்தது. என் குதிக்கால் சின்னம்மாவின் கண்ணுக்கு நேரே நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, விரலால் தொட்டும் பார்த்தார். சின்னம்மாவின் முதல் ஆசிரிய நியமனம் ஒரு கடலோரக் கிராமத்தில். நான்கு வருடம் கரையைப் பார்த்த வீட்டில் தங்கிப் படிப்பித்தவர். இதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

“இது வலை பொத்திற முடிச்செல்லோ, பிள்ளை. ஆர் பொத்தினது?”

நான் கதிரையில் நின்றபடியே திரும்பினேன். இவர் தட்டோடு வாசலில் நிற்கிறார். நான் வாயைத் திறந்தேன்.

“வேலைத்தலத்திலை ஒரு டெனிஷ் மனிசி பொத்தித் தந்தவ.”

மீனுக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று, மேஸுக்கு ஒன்று. வேதக்கார வீட்டில் வளர்ந்த எனக்கு மூன்று என்ற கணக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்ன சீடனுக்குக் கூவிய சேவல் இங்கே கூவாததுதான் குறை. டெனிஷ்காரி நன்றாகத்தான் பொத்தியிருக்கிறாள் என்று சின்னம்மா சொன்னார். இவர் அவருக்குச் சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார்.

பின்னேரம் சின்னம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பு வரைக்கும் இவரே போனார். திரும்பி வந்து, சின்னம்மா நல்ல மனிசி என்றார், அவ்வளவுதான். ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பேசினால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கோழிச் சட்டியை இரண்டு முறை கழுவினேன்.

இரண்டு கிழமை போனது. வழக்கமான சிரிப்பு, வழக்கமான கதை, ஒன்றும் குறையவில்லை. வேலை மேஸில் ஒன்று குதியில் கிழிந்தது. கூடைக்குள் போட்டேன். ஞாயிறு பூசையால் வந்து நான் சமையலில் நிற்க, இவர் முன்னறையில் இருந்து பொத்தினார். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. முடித்து மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

நான் எடுத்து விரித்துப் பார்த்தேன். குதியில் ஒரு கட்டி. நூல் குறுக்கும் நெடுக்கும் இழுபட்டு, மாச் சாக்குக்குத் தையல் போட்ட மாதிரி. என்னுடைய பழைய தையலைவிடக் கேவலம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆள் வாயால் சொல்லாமல் துணியில் காட்டுகிறார் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராகவே மேஸைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் கதிரைக்குப் பக்கத்தில் இருந்த குப்பைக்கூடையைக் கண்டேன். அதற்குள் வெட்டிப்போட்ட இரண்டு சின்னத் துண்டுகள் கிடந்தன. கையில் எடுத்துப் பார்த்தால் வலை. எள்ளு அளவுக் கண்கள், ஒரு முடிச்சும் பிசகாமல். பழக்கத்தில் கை இரண்டு தரம் வலையைப் போட்டிருக்கிறது, இரண்டு தரமும் வெட்டி எடுத்திருக்கிறார்.

“ஏன் இதை இப்பிடித் தைச்சு வைச்சிருக்கிறியள்?”

“எல்லாரும் தைக்கிற மாதிரித்தானே தைச்சிருக்கிறன்,” என்றார். குரலில் கோபம் இல்லை. “இதைப் பாத்து ஒருதரும் ஒண்டும் கேக்கமாட்டினம். உமக்கும் கரைச்சல் இல்லை.”

நான் அழுதேன். அழகாக ஒன்றும் அழவில்லை, மூக்கு ஒழுக, கையில் மேஸைப் பிடித்தபடி. என்னை நினைத்து எனக்கு அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஓட்டை விழுந்த குதிக்கு வெட்கப்பட்ட எனக்கு, வெட்கப்பட வேண்டிய இடம் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐயாவுக்கு என்ன எழுதினேன் என்று முழுதாகச் சொன்னேன். அண்டைக்குச் சின்னம்மா கேட்ட உடனேயே விளங்கிவிட்டது என்றார். பிறகு சமையலறைக்குப் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நான் அழுதால் தண்ணீர் தருவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாது இவருக்கு.

அந்த மத்தியானமே சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு விமானத் தபால் ஏரோகிராம் ஒன்றை எடுத்து வைத்தேன். என்ன வரும் என்று தெரிந்துதான் எழுதினேன். வந்ததும் அதுதான்: ஐயா ஒன்பது மாதம் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அம்மா மட்டும் எழுதினார். அதில்தான் சின்னம்மா என்ன எழுதினார் என்பதும் தெரியவந்தது. பெடியனில் ஒரு பிழையும் இல்லை, எங்கடை பிள்ளைதான் வாய் கூசாமல் பொய் சொல்லுது என்று எழுதியிருந்தாராம். ஒன்பதாம் மாதம் ஐயாவின் கடிதம் வந்தது, வெளியில் விலாசம் இவருடைய பெயருக்கு. உள்ளே சுகம் விசாரித்து நான்கு வரி. இவர் அதை மடித்துத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார், என்னிடம் தரவில்லை.

இதெல்லாம் பிறகு. அன்றைக்கு நான் எழுதி முடித்து, இவரை முன்னால் இருத்தி வாசித்துக் காட்டினேன். என் கணவரும் அவருடைய தகப்பனும் கடல் தொழில் செய்கிறவர்கள், நான் முன்பு எழுதியது பொய், அந்தப் பொய்யில் அவருக்குப் பங்கில்லை. கோழி, டெனிஷ் மனிசி எல்லாம் எழுதியிருந்தேன். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுதினது போதும், கிழவனுக்கு நெஞ்சுவலி வரப்போகுது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இவர் விரலால் மேசையைத் தட்டி, கூச்சத்தோடு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டார்.

“நான் நல்லா வலை பொத்துவன் எண்டும் ஐயாவுக்கு எழுதும்.”

ஏரோகிராமில் இடமே இருக்கவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே, ஒட்டுகிற பசைக்கு மேலே ஒரு விரல் அகலம் கிடந்தது. அதற்குள் எழுதினேன்: இவர் நன்றாக வலை பொத்துவார், ஐயா. இங்கே கடல் கிட்ட இல்லை. அதனால் என்னுடைய மேஸைப் பொத்துகிறார்.